கொதிக்கும் நீரின் குமிழிக்குள் என்ன இருக்கிறது?

அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. பாத்திரத்தின் அடியிலிருந்து பெரிய பெரிய குமிழிகள் கிளம்பி, மேலே வந்து உடைகின்றன. அந்தக் குமிழிகளுக்குள் என்ன இருக்கிறது?

ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "காற்று" என்று பலர் சொல்வார்கள். தண்ணீர் எதனால் ஆனது என்று படித்திருப்பவர்கள் "ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும்" என்பார்கள். "ஒன்றுமே இல்லை" என்பவர்களும் உண்டு. பெரியவர்களிடம் கேட்டாலும் பதில்கள் பெரிதாக மாறுவதில்லை.

விடை, தண்ணீர். வாயு வடிவில் இருக்கும் தண்ணீர், அதாவது நீராவி. சூடாக்க ஆரம்பித்ததுமே பாத்திரத்தின் ஓரத்தில் பொடிப்பொடியாக ஒட்டிக்கொள்கின்றனவே, அந்தச் சிறு குமிழிகள்தான் காற்று. தண்ணீரில் கரைந்திருந்த காற்று, சூடேறியதும் வெளியே வருகிறது. நன்றாகக் கொதிக்கும்போது எழும் பெரிய குமிழிகள் நீராவியே. தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிந்து வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கலவை ஒரு பொறி பட்டாலே வெடிக்கக்கூடியது. அப்படியிருந்தால் வெந்நீர் போட யாருக்குத் துணிச்சல் வரும்?

பருப்பொருள் பாடத்தை நான் எப்போதும் இந்தக் குமிழியிலிருந்துதான் ஆரம்பிப்பேன். ஏனென்றால் இந்தப் பாடம் முழுவதும் திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்றுதான்: ஒரு பொருள் மாறும்போது அது அதே பொருளாகவே இருக்கிறதா, இல்லை வேறொரு பொருளாகிவிட்டதா?

முதலில், பருப்பொருள் என்றால் என்ன?

நிறை இருக்க வேண்டும், இடத்தை அடைத்துக்கொள்ள வேண்டும். இரண்டும் இருந்தால் அது பருப்பொருள். கல், தண்ணீர், காற்று, நீங்கள், நான் எல்லாமே இதில் அடக்கம். ஒளியும் வெப்பமும் நிழலும் ஒலியும் இதில் சேராது.

காற்றில்தான் பலருக்குச் சந்தேகம் வரும். ஒரு டம்ளரின் அடியில் காகிதத்தைக் கசக்கித் திணித்துவிட்டு, டம்ளரைத் தலைகீழாக, சாய்க்காமல், ஒரு வாளித் தண்ணீருக்குள் அமுக்குங்கள். வெளியே எடுத்தால் காகிதம் நனைந்திருக்காது. உள்ளே இருந்த காற்று இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. காற்றுக்கு நிறையும் உண்டு. அறை வெப்பநிலையில் ஒரு லிட்டர் காற்று ஏறக்குறைய 1.2 கிராம் இருக்கும். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் ஒரு புதிரை அவிழ்க்க உதவும்.

கண்ணுக்குத் தெரியாத துகள்கள்

எல்லாப் பொருளும் மிக மிக நுண்ணிய துகள்களால் ஆனது. தண்ணீரின் துகளை மூலக்கூறு என்கிறோம்: இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் ஓர் ஆக்ஸிஜன் அணுவும் சேர்ந்த ஒரு சின்னக் கூட்டு. எவ்வளவு சின்னது? ஒரு மில்லி லிட்டருக்கு 20 துளி என்று வைத்துக்கொண்டு, அதில் ஒரே ஒரு துளியை எடுங்கள். அதிலுள்ள மூலக்கூறுகளை உலகத்தின் 800 கோடிப் பேரும் இரவு பகல் பாராமல், ஆளுக்கு நொடிக்கு ஒன்று வீதம் எண்ணினால், எண்ணி முடிக்க 6,000 வருடத்துக்கு மேல் ஆகும்.

இந்தத் துகள்கள் சும்மா இருப்பதில்லை. 1827-இல் ராபர்ட் பிரவுன் என்ற தாவரவியலாளர், மகரந்தத்திலிருந்து வந்த நுண்துகள்கள் தண்ணீரில் ஓயாமல் நடுங்கி அலைவதை நுண்ணோக்கியில் பார்த்தார். உயிர் இருப்பதால் அசைகிறதோ என்று பார்க்க, உயிரற்ற பொருள்களின் தூளையும் போட்டுப் பார்த்தார். அதுவும் நடுங்கியது. கண்ணுக்குத் தெரியாத நீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமிருந்தும் முட்டி மோதுவதுதான் காரணம் என்று 1905-இல் ஐன்ஸ்டைன் கணக்குப் போட்டு விளக்கினார்.

துகள்களுக்கு நடுவே இடைவெளியும் உண்டு. 50 மில்லி தண்ணீரையும் 50 மில்லி எத்தனால் என்ற ஆல்கஹாலையும் கலந்தால் 100 மில்லி வர வேண்டும் அல்லவா? வராது. சுமார் 96 மில்லிதான் வரும். ஒன்றும் சிந்தவில்லை, ஆவியாகவும் இல்லை. இருவகை மூலக்கூறுகளும் ஒன்றையொன்று ஈர்த்து, தனித்தனியாக இருந்ததைவிட நெருக்கமாக அமர்ந்துகொள்கின்றன. நிறையை அளந்தால் ஒரு துளிகூடக் குறைந்திருக்காது.

சரி, இனி திண்மம், திரவம், வாயு மூன்றும் எளிதாகிவிடும். திண்மத்தில் துகள்கள் நெருக்கமாக, தத்தம் இடத்திலேயே நின்றபடி அதிர்ந்துகொண்டிருக்கும். திரவத்திலும் நெருக்கம்தான், ஆனால் ஒன்றையொன்று நழுவிக் கடந்து போகும். அதனால்தான் தண்ணீர் ஊற்றிய பாத்திரத்தின் வடிவத்தை எடுத்துக்கொள்கிறது. வாயுவில் துகள்கள் வெகு தூரம் விலகி, நினைத்த பக்கம் பறக்கும். நெருக்கத்துக்கும் விலகலுக்கும் உள்ள வித்தியாசம் சாதாரணமானதல்ல: தண்ணீர் 100 டிகிரியில் நீராவியாகும்போது 1,600 மடங்குக்கு மேல் இடம் கேட்கிறது. கைப்பிடி அளவு தண்ணீர் குமிழி குமிழியாக வந்துகொண்டே இருப்பதன் ரகசியம் இதுதான்.

இங்கே ஒரு சின்ன விலகல். கொதிக்கும் கெண்டியின் மூக்கிலிருந்து வெள்ளையாக வருகிறதே, அதை நீராவி என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் நீராவி கண்ணுக்குத் தெரியாது. மூக்கின் நுனியை ஒட்டிக் கொஞ்ச தூரம் ஒன்றுமே இல்லாததுபோல் தெரியும் பாருங்கள், அங்கே இருப்பதுதான் நீராவி. அதைத் தாண்டி வெள்ளையாகத் தெரிவது, ஆவி குளிர்ந்து உண்டான பொடி நீர்த்துளிகள். மேகமும் பெரும்பாலும் அதேதான். தூரத்தில் நின்று பாருங்கள், கையை வைத்துப் பார்க்க வேண்டாம்.

வெப்பநிலை ஏறாத நேரம்

பனிக்கட்டிகள் மிதக்கும் தண்ணீரில் வெப்பமானியை வைத்துக்கொண்டு, கலக்கியபடியே மெதுவாகச் சூடாக்கினால் ஒரு வேடிக்கை நடக்கும். அடுப்பு எரிந்துகொண்டேயிருக்கும், வெப்பமானி 0 டிகிரியிலேயே நிற்கும். கடைசிப் பனிக்கட்டி கரையும் வரை அசையாது. கொடுத்த வெப்பமெல்லாம் எங்கே போனது?

துகள்களை வேகப்படுத்தப் போகவில்லை. அவற்றை இறுகப் பிடித்திருந்த பிடியைத் தளர்த்தப் போயிருக்கிறது. ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்க 334 ஜூல் தேவை (ஜூல் என்பது வெப்பத்தை அளக்கும் அலகு). அதே வெப்பத்தைக் கொண்டு ஒரு கிராம் தண்ணீரை 0 டிகிரியிலிருந்து ஏறக்குறைய 80 டிகிரி வரை சூடாக்கிவிடலாம். கொதிக்கும்போது செலவு இன்னும் அதிகம், ஒரு கிராமுக்கு 2,257 ஜூல். நீராவி பட்ட புண், வெந்நீர் பட்ட புண்ணைவிட மோசமாக இருப்பது இதனால்தான். தோலில் பட்டுத் தண்ணீராக மாறும்போது அந்த 2,257 ஜூலையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

கொதிக்க 100 டிகிரி வேண்டும் என்பதும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. அது கடல் மட்டத்துக் கணக்கு. உயரம் போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும், குமிழி உருவாவது சுலபமாகும். எவரெஸ்ட் உச்சியில் தண்ணீர் சுமார் 70 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே கொதிக்கும் தண்ணீரிலும் சமைப்பது கடினம். பிரஷர் குக்கர் இதற்கு நேர்மாறு: அழுத்தத்தைக் கூட்டி, சுமார் 120 டிகிரி வரை தண்ணீரைத் திரவமாகவே வைத்திருக்கிறது.

சில பொருள்கள் திரவமாகாமலே திண்மத்திலிருந்து நேராக ஆவியாகிவிடும். அந்துருண்டை நாளடைவில் சிறுத்துப்போவது அப்படித்தான். இதற்குப் பதங்கமாதல் என்று பெயர்.

ஒரு பொருளை எப்படி அடையாளம் காண்பது?

ஒரு உலோகத் துண்டைக் கொடுத்து இது என்ன என்று கேட்டால், அதன் நிறை உங்களுக்கு உதவாது. இரும்பும் 100 கிராம் இருக்கும், அலுமினியமும் 100 கிராம் இருக்கும். நீளம், பருமன் எதுவும் உதவாது. எவ்வளவு எடுத்தாலும் மாறாத பண்புதான் வேண்டும். அடர்த்தி அப்படிப்பட்டது. ஒரு கன சென்டிமீட்டர் அலுமினியம் 2.7 கிராம், இரும்பு 7.87 கிராம், பாதரசம் 13.5 கிராம், தங்கம் 19.3 கிராம். குண்டூசியானாலும் தூணானாலும் இரும்பின் அடர்த்தி இரும்பின் அடர்த்திதான். இந்த எண்களைப் பார்த்தாலே ஒரு விஷயம் புரியும்: தண்ணீரில் மூழ்கும் இரும்பு, பாதரசத்தில் மிதக்கும். தங்கம் அதிலும் மூழ்கும்.

உருகுநிலையும் நல்ல அடையாளம். பாதரசம் மைனஸ் 39 டிகிரியிலேயே உருகிவிடுவதால் நமக்கு எப்போதும் திரவமாகவே தெரிகிறது. காலியம் என்ற உலோகம் 29.8 டிகிரியில் உருகும், உள்ளங்கையில் வைத்திருந்தாலே போதும். டங்ஸ்டனை உருக்க 3,422 டிகிரி வேண்டும்.

தண்ணீர் இந்த விஷயத்தில் ஒரு விசித்திரமான பொருள். பெரும்பாலான பொருள்கள் உறையும்போது சுருங்கும். தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரிகிறது. பனிக்கட்டியில் மூலக்கூறுகள் நடுவே வெற்றிடம் விட்டு அறுகோண அமைப்பில் நிற்பதுதான் காரணம். அதனால் பனிக்கட்டி மிதக்கிறது. குளிர் நாடுகளில் ஏரி மேலிருந்து உறைகிறது, கீழே மீன்கள் உயிர் வாழ்கின்றன. உறைபெட்டியில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி வைத்த கண்ணாடிப் புட்டி உடைவதும் இதனால்தான்.

நிறம், அடர்த்தி, உருகுநிலை எல்லாம் இயற்பியல் பண்புகள். பொருளை வேறொன்றாக மாற்றாமலே இவற்றை அளந்துவிடலாம். எரியுமா, துருப்பிடிக்குமா, அமிலத்தில் போட்டால் என்ன ஆகும் என்பவை வேதிப் பண்புகள். இவற்றைத் தெரிந்துகொள்ள அந்தப் பொருளையே பலி கொடுத்தாக வேண்டும்.

இரண்டு வகை மாற்றம், ஒரு மெழுகுவத்தி

நான் படித்த காலத்தில் ஒரு வரியை மனப்பாடம் செய்தேன்: "திரும்பப் பெற முடிந்தால் இயற்பியல் மாற்றம், முடியாவிட்டால் வேதியியல் மாற்றம்." தேர்வில் மதிப்பெண்ணும் கிடைத்தது. அது தவறு என்று புரியப் பல வருடங்கள் ஆயின. உடைந்த கண்ணாடியை யாராலும் பழையபடி ஆக்க முடியாது, ஆனால் ஒவ்வொரு சில்லும் கண்ணாடிதான். அது இயற்பியல் மாற்றமே. செல்போன் பேட்டரியில் நடப்பது வேதியியல் மாற்றம், ஆனால் சார்ஜ் போடும்போதெல்லாம் அதைத் திருப்பிக்கொண்டே இருக்கிறோம்.

மயில்துத்தம் என்ற நீலப் படிகத்தைச் சூடாக்கினால் அதன் கட்டமைப்பில் பிணைந்திருந்த தண்ணீர் வெளியேறி, வெள்ளைத் தூளாகிவிடும். 25 கிராம் எடுத்தால் சுமார் 16 கிராம்தான் மிஞ்சும். அதில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால் மறுபடி நீலம். அழகாகத் திரும்பி வருகிறது, ஆனாலும் இது வேதியியல் மாற்றம்தான்.

நிறம் மாறினால், சூடு வந்தால், குமிழி எழுந்தால் வேதியியல் மாற்றம் என்று இன்னொரு பட்டியலும் சொல்லிக்கொடுப்பார்கள். அந்தப் பட்டியலைத் தடயமாக எடுத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பழைய குண்டு பல்பின் டங்ஸ்டன் இழை கறுப்பிலிருந்து பளீரென்ற வெளிச்சத்துக்கு மாறுகிறது. நிறமும் மாறுகிறது, சூடும் வருகிறது, ஆனால் அணைத்ததும் அதே டங்ஸ்டன். சமையல் சோடாவில் வினிகரை ஊற்றினால் நுரைத்துக்கொண்டு குமிழி வரும். கொதிக்கும் தண்ணீரிலும் குமிழி வரும். முதல் குமிழியில் இருப்பது கார்பன் டை ஆக்ஸைடு, சற்று முன் அங்கே இல்லாத பொருள். இரண்டாவதில் அதே பழைய தண்ணீர். ஆகவே குமிழி வந்ததா என்று கேட்டால் போதாது, குமிழிக்குள் என்ன என்று கேட்க வேண்டும்.

துகள்களின் மொழியில் சொன்னால் குழப்பமே இருக்காது. மூலக்கூறுகள் அப்படியே இருந்து, அவற்றின் இடைவெளியும் அடுக்கும் வேகமும் மட்டும் மாறினால் இயற்பியல் மாற்றம். அணுக்கள் பழைய கூட்டை விட்டுப் பிரிந்து புதுக் கூட்டுச் சேர்ந்தால் வேதியியல் மாற்றம்.

இரண்டும் ஒரே இடத்தில் நடப்பதைப் பார்க்க மெழுகுவத்தி போதும். மைக்கேல் ஃபாரடே என்ற விஞ்ஞானி 1860-61 குளிர்காலத்தில் லண்டனில் சிறுவர்களுக்காக ஆறு சொற்பொழிவுகளை இந்த ஒற்றைப் பொருளை வைத்தே நடத்தினார். சுடரின் சூட்டில் மெழுகு உருகுகிறது, அது இயற்பியல் மாற்றம். உருகிய மெழுகு திரி வழியே மேலேறுகிறது. அங்கே ஆவியாகிறது, இதுவும் இயற்பியல் மாற்றம். எரிவது அந்த ஆவிதான். திண்ம மெழுகும் திரவ மெழுகும் சுடராவதில்லை. நம்பிக்கை வரவில்லையா? பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெழுகுவத்தியை ஊதி அணையுங்கள். வெண்புகை ஒன்று இழையாக எழும். எரியும் தீக்குச்சியைத் திரியில் வைக்காமல் அந்தப் புகையில் காட்டுங்கள். நெருப்பு புகை வழியே கீழே தாவி, திரியைப் பற்றிக்கொள்ளும். அந்தப் புகை, மெழுகின் ஆவியும் அது குளிர்ந்து உறைந்த பொடித்துகள்களும்.

எரியும்போது மெழுகின் கார்பனும் ஹைட்ரஜனும் காற்றின் ஆக்ஸிஜனோடு சேர்கின்றன. குளிர்ந்த கண்ணாடி டம்ளரைச் சுடருக்கு மேலே ஒரு நொடி கவிழ்த்துப் பிடித்தால் உள்ளே பனி படிந்ததுபோல் ஈரம் தெரியும். அது புதிதாகப் பிறந்த தண்ணீர். அந்த டம்ளரில் தெளிந்த சுண்ணாம்பு நீரை ஊற்றிக் குலுக்கினால் பால்போல் ஆகும். கார்பன் டை ஆக்ஸைடு இருப்பதற்கு அதுவே சாட்சி.

எல்லைக்கோடு எப்போதும் இவ்வளவு தெளிவாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன். உப்பு தண்ணீரில் கரைவதைப் பாடப்புத்தகம் இயற்பியல் மாற்றம் என்கிறது. தண்ணீரை ஆவியாக்கினால் உப்பு கிடைத்துவிடும் என்பது அதன் காரணம். ஆனால் கரையும்போது உப்பின் சோடியமும் குளோரினும் அயனிகளாக, அதாவது மின்னூட்டம் கொண்ட துகள்களாகப் பிரிந்து, ஒவ்வொன்றையும் நீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்கின்றன. ஒரு பிணைப்பு உடைந்திருக்கிறதே, அப்புறம் எப்படி இது வெறும் இயற்பியல் மாற்றம் என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. தேர்வில் புத்தகத்தில் உள்ளபடி எழுதுங்கள், கேள்வியைக் கைவிட வேண்டாம்.

நிறை எங்கே போகிறது?

விறகு எரிந்தால் கொஞ்சம் சாம்பல்தான் மிஞ்சுகிறது. அப்படியானால் பொருள் அழிந்துவிட்டதா? 18-ஆம் நூற்றாண்டு வரை, எரியும் பொருளிலிருந்து ஃபுளோஜிஸ்டன் என்ற ஏதோ ஒன்று வெளியேறுகிறது என்று நம்பினார்கள். ஒரு சிக்கல்: உலோகத்தை எரித்தால் நிறை கூடியது. 24 கிராம் மெக்னீசியம் எரிந்தால் 40 கிராம் வெள்ளைத் தூள் கிடைக்கும். வெளியேறியதாகச் சொல்லப்பட்டது எப்படி நிறையைக் கூட்டும்?

பிரான்ஸில் அன்டுவான் லவாய்சியே என்ற வேதியியலாளர் 1774-இல் வெள்ளீயத்தை மூடிய கண்ணாடிக் கலத்தில் வைத்துச் சூடாக்கினார். உலோகம் சாம்பல்போல் மாறியது. கலத்தின் மொத்த நிறை மாறவில்லை. மூடியைத் திறந்ததும் காற்று உள்ளே பாய்ந்தது, அப்போதுதான் நிறை கூடியது. உலோகம் எடுத்துக்கொண்டது கலத்துக்குள் இருந்த காற்றின் ஒரு பகுதியைத்தான். அதற்குப் பிற்பாடு ஆக்ஸிஜன் என்று அவரே பெயர் வைத்தார். மெக்னீசியத்தின் கணக்கும் அதேதான்: 24 கிராமோடு காற்றிலிருந்து 16 கிராம் ஆக்ஸிஜன் சேர்ந்து 40. விறகிலும் ஒன்றும் அழியவில்லை. பெரும்பகுதி கார்பன் டை ஆக்ஸைடாகவும் நீராவியாகவும் புகையோடு கிளம்பிப் போய்விட்டது.

இதைச் சோதிக்க வகுப்பில் வழக்கமாகச் செய்வது: புட்டியில் வினிகர், அதன் வாயில் சமையல் சோடா போட்ட பலூன். நிறையை அளந்துகொண்டு, பலூனைத் தூக்கிச் சோடாவைக் கொட்டினால் நுரைத்துப் பலூன் உப்பும். வாயு எங்கும் தப்பவில்லை. மறுபடி எடை போட்டால் அதே எண் வர வேண்டும்.

ஆனால் துல்லியமான தராசில் கொஞ்சம் குறைவாகக் காட்டும். பலூன் ஒரு லிட்டர் அளவுக்கு உப்பியிருந்தால் ஒரு கிராமுக்கும் மேல் குறையும். கசிகிறதோ என்று பலூனை மாற்றி மாற்றிப் பார்த்து அலுத்துப்போனவர்களை எனக்குத் தெரியும். கசிவு இல்லை. தண்ணீர் தன்னுள் அமிழ்ந்த பொருளை மேலே தள்ளுவதைப் போலவே காற்றும் தள்ளும். உப்பிய பலூன் ஒரு லிட்டர் காற்றை விலக்கி அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அந்த ஒரு லிட்டர் காற்றின் நிறையான 1.2 கிராம் அளவுக்கு அது மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. பலூனுக்குப் பதில், உப்பாத தடித்த புட்டியை இறுக மூடி, சோடாவையும் வினிகரையும் மிகக் குறைவாக எடுத்துக்கொண்டு, ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது செய்து பாருங்கள். எண் அசையாமல் நிற்கும்.